தவக்காலத்தில் நான் விட்ட மாத்திரை

கிறிஸ்மஸ் கேக் வீட்டில் முடிவதற்கு முன்பே நான் சாகத் தொடங்கிவிட்டேன். அப்படித்தான் நம்பினேன்.

கம்பளையிலிருந்து கண்டிக்குப் பாடசாலை வேன் ஓட்டுகிறவன் நான். பெயர் அந்தோனி, வயது ஐம்பத்திரண்டு. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஆட்களைச் சிரிக்க வைக்கிறவன் என்று பெயர். செத்த வீட்டில் சிரிக்க வைத்ததற்காகப் பங்குச் சுவாமியிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு அந்த மார்கழியில் சிரிப்பே வரவில்லை.

இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் மூட்டை தூக்கியவன்போல அலுப்பு. மற்றவர்கள் மின்விசிறிக்குக் கீழே இருக்க, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கினேன். முகம் ஊதியது. தொண்டை கரகரத்தது. ஞாயிறு பூசையில் வாசகம் வாசித்துவிட்டு இறங்கியபோது, "தவளைக்குத் தீர்க்கதரிசனம் வந்த மாதிரி இருந்துச்சுங்க" என்றாள் மனைவி ஸ்டெல்லா. வேறு நாளென்றால் நான் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன். அன்று பேசாமல் நடந்தேன். அவள் பயந்துபோனது அப்போதுதான்.

தை மாதம் பாடசாலை தொடங்கிய இரண்டாவது கிழமை. காலையில் கெலிஓயாவுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தேன். பின்னால் பதினாறு பிள்ளைகள். கண்ணை மூடினது எனக்குத் தெரியாது. முன் சீட்டில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை, "வேன் அங்கிள்! மதில்! மதில்!" என்று கத்தினது மட்டும் கேட்டது. பிரேக்கை மிதித்தேன். மதிலுக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு சாண். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் இறங்கிப் புல்லில் உட்கார்ந்தேன். இன்னொரு வேன்காரரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து சாவியை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். "இனி நான் ஓட்ட மாட்டேன். ஊரான் வீட்டுப் பிள்ளைங்கள நான் கொல்லக் கூடாது" என்றேன்.

அதற்குப் பிறகு வீடுதான், கட்டில்தான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போனால் நோய்க்குப் பெயர் சொல்லிவிடுவார்களே என்று எனக்குப் பயம். பெயர் வைக்காத நோய் இன்னும் வளரவில்லை என்று ஒரு கணக்கு! ஆனால் கையில் போன் இருந்தது. மருத்துவர்கள் செய்யாததை அது செய்தது. ஒரு பகலில் எனக்கு ஐந்து நோய் வந்தது. எல்லாமே கடைசிக் கட்டம்.

மரண அறிவித்தலுக்குப் படம்கூடத் தெரிந்தெடுத்து வைத்தேன். இருபது வருடத்துக்கு முந்திய படம். தலை நிறைய முடி. ஸ்டெல்லா பார்த்துவிட்டு, "இதைப் போட்டா யாரு செத்ததுன்னு தெரியாம வந்தவங்க எல்லாம் திரும்பிப் போயிருவாங்க" என்றாள். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். அங்கே வெகு நேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அன்று கோப்பை ஒன்றும் இருக்கவில்லை.

அவள்தான் பிலிமத்தலாவையில் இருக்கும் பவானி மிஸ்ஸைப் பற்றி விசாரித்து வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரர். சித்த மருத்துவம் படித்தவர். சாப்பாடு, தூக்கம், மனம், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறவர். இலை, தழை, பொடி கொடுக்கிறவர் பெரிய நோயெல்லாம் சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில் நானும் சம்மதித்தேன். கோழிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய அறை.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. என்ன செய்யுது?"

"சாகப் போறேன் மிஸ்."

"அது எல்லாரும் போறதுதானே. அதுக்கு முதல் என்ன செய்யுது எண்டு சொல்லுங்கோ."

ஒரு மணித்தியாலம் கேட்டார். எத்தனை மணிக்கு எழும்புகிறேன், மலம் எப்படிப் போகிறது, கடைசியாக எப்போது சிரித்தேன். நகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, "வேற என்ன குளிசை பாவிக்கிறியள்? சத்து மாத்திரை, பவுடர், வெளிநாட்டுச் சாமான், ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ" என்றார்.

"ஒன்னுமே இல்ல மிஸ்."

அது பொய். டோஹாவில் இருக்கும் மச்சான், முடி வளரும் மாத்திரை அனுப்பியிருந்தான். புரட்டாதியிலிருந்து தினமும் ஒன்றுக்கு இரண்டாக விழுங்கிக்கொண்டிருந்தேன். போத்தல் வேனுக்குள் செபமாலைக்குக் கீழே ஒளிந்திருந்தது. ஸ்டெல்லாவுக்கும் தெரியாது. ஊரில் தலைக்குச் சாயம் பூசினவர், டோப்பா வைத்தவர் ஒருவரையும் நான் கலியாண வீடுகளில் சும்மா விட்டதில்லை. என் மாத்திரை வெளியே தெரிந்தால் என் வாய்க்கு அன்றோடு பூட்டு. அதோடு, தலைமுடிக்குப் போடுவது ஒரு மருந்தா? அப்படி எனக்கு நானே நீதி வழங்கிக்கொண்டேன்.

"சரி, ஓமோன் எல்லாம் பாக்க வேணும்" என்று ஹார்மோன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார் பவானி மிஸ்.

ஸ்டெல்லா அன்றே செபக்குழுவில் இருக்கும் பிலோமினா அக்காவுக்குப் போன் போட்டாள். தொடர்பு சரியில்லை. "ஓமோன் பாக்கணும்" என்று இவள் சொன்னது அந்தப் பக்கம் "ஓமம் பண்ணணும்" என்று போய்ச் சேர்ந்தது. அரை மணித்தியாலத்தில் அக்கா ஒரு போத்தல் தீர்த்தத்தோடு வாசலில் நின்றார்.

"அந்தோனி, சாகிறதுன்னாலும் சாவு. நெருப்பு வளர்க்கிற எடத்துக்குப் போகாத."

"அக்கா, அது ஓமம் இல்ல, ஓமோன். ரத்தத்துல இருக்கிறது."

"ரத்தத்துலயே ஏத்திட்டாங்களா!" என்று அக்கா தீர்த்தத்தை என் மேல் கொட்டினார். ஏற்கெனவே குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவன் நான். அந்த மாதத்தில் வீட்டில் நடந்த ஒரே வேடிக்கை அது. எனக்கு அதற்கும் சிரிப்பு வரவில்லை.

இரத்தம் கொடுத்தேன். முடிவு வந்தது. பவானி மிஸ் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணை, உங்கட தைரொயிட் கூடுதலா வேலை செய்யுதெண்டு இந்தத் தாள் சொல்லுது. அப்படியெண்டா நீங்கள் மெலிஞ்சு, வேர்த்து, ஓடித்திரிய வேணும். நீங்கள் என்னெண்டா ஊற வைச்ச மாவு மாதிரி இருக்கிறியள். தாளும் ஆளும் ஒத்துவரேல்லை. உண்மையா வேற ஒண்டும் பாவிக்கேல்லைத்தானே?"

"இல்ல மிஸ்."

இரண்டாவது தடவை மறுதலித்தேன். சேவல் கூவவில்லை. கீழே இருந்தது கோழிக்கடை, கூவுகிற நிலையில் அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"அப்ப நான் மருந்து தரமாட்டன். தெரியாத நோய்க்குத் தெரிஞ்ச மருந்தும் நஞ்சுதான். நாலு கிழமை கழிச்சுத் திரும்ப இரத்தம் குடுங்கோ. இடையில நெஞ்சு படபடத்தா இங்க வராதேங்கோ, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

மருந்து இல்லை! பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் புரிந்துபோனது. செத்தவனுக்கு யார் மருந்து கொடுப்பார்? அவர் என் முகத்தில் சாவைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பயம்கூடப் போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்தது. எழும்பினாலும் ஒன்றுதான், எழும்பாவிட்டாலும் ஒன்றுதான். ஸ்டெல்லா ஊட்டினால் வாயைத் திறப்பேன். கூரைத் தகட்டைப் பார்த்துக்கொண்டே பகல் போகும். நான் இல்லாவிட்டால் இவளுக்கு வேலை குறையும் என்றுகூட யோசித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் சாட்சி என்று எழுதிவிட்டு இதை மறைத்தால், அது மூன்றாவது மறுதலிப்பு.

சாம்பல் புதன் வந்தது. ஸ்டெல்லா கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். சுவாமி நெற்றியில் சாம்பல் பூசினார். என் நெற்றி எங்கே முடிகிறது என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். ஒவ்வொரு தவக்காலத்திலும் இறைச்சியையும் சாராயத்தையும் விடுவேன். அந்த வருடம் நாக்கில் ருசியே இல்லை. வேண்டாத சாமானை ஆண்டவருக்குக் கொடுப்பது ஒறுத்தலா? அப்படியானால் எனக்கு ஆசையாக என்ன மிஞ்சியிருக்கிறது? சாகப் போகிறேன் என்று நம்பிய அந்த நாட்களிலும் நான் ஒரு நாளும் தவறவிடாதது ஒன்றே ஒன்றுதான். அந்த மாத்திரை. பெட்டியில் கிடத்தும்போது தலையில் கொஞ்சம் முடி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை!

முழங்காலில் நின்றபடி வெட்கத்தோடு சொன்னேன்: "ஆண்டவரே, இதை விடுறேன். எனக்கு என்ன வருத்தம்னு எனக்குத் தெரியல. உமக்குத் தெரியும். யாருக்காவது சொல்லும்."

அவ்வளவுதான் செபம். அதற்கு மேல் சொற்கள் இல்லை. மாத்திரையை விட்டதை யாரிடமும் சொல்லவில்லை. நோன்பை மறைவில் இருக்கச் சொல்லியிருக்கிறதே என்று வேத ஆதாரமும் வைத்திருந்தேன்.

உடனே சுகம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. முன்னைவிட மோசமானேன். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் மூன்றாம் ஸ்தலத்தில் உட்கார்ந்தவன், எல்லாரும் வீட்டுக்குப் போகும்போதுதான் கண் விழித்தேன். செபக்குழு எனக்காக உபவாசம் இருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை, தெரியவில்லை. வானம் மூடிக்கிடந்தது. அந்த ஒரே வசனத்தை மட்டும், நம்பிக்கையில்லாமலே, பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்காவது சொல்லும்.

நாலு கிழமை கழிந்து இரண்டாவது பரிசோதனை. பவானி மிஸ் தாளைப் பார்த்தார். எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மறுபடியும் பார்த்தார்.

"அண்ணை, இது தலைகீழா வந்திருக்கு. இப்ப உங்கட தைரொயிட் வேலையே செய்யேல்லை எண்டு சொல்லுது."

எனக்கு இருந்த கொஞ்ச உயிரும் போனது. ஒரே மாதத்தில் குட்டிக்கரணம் அடிக்கிற நோய்! போனில்கூட அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

"மிஸ், எவ்வளவு நாள் இருக்கு?"

"எதுக்கு?"

"எனக்கு."

"கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. இந்த நாலு கிழமையில புதுசா என்ன தொடங்கினீங்கள்?"

"ஒன்னும் தொடங்கல."

"அப்ப, எதை விட்டீங்கள்?"

இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்துக் கதிரையில் ஸ்டெல்லா. மறுபடி "ஒன்னுமில்ல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாருக்காவது சொல்லும் என்று ஆண்டவரை இத்தனை நாளாகக் கெஞ்சினேனே, அவர் அதே வார்த்தையை என் பக்கம் திருப்பி வைத்ததுபோல இருந்தது. நீ சொல்லு.

"மிஸ்... முடி வளர ஒரு மாத்திரை. தவக்காலத்துக்காக விட்டேன்."

பவானி மிஸ் பெயரைக் கேட்டார். சொன்னேன். கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். அந்த மாத்திரையில் பயோட்டின் என்ற சத்து நிறைய இருக்கிறதாம். அது உடம்பைக் கெடுக்கவில்லை, பரிசோதனையைக் குழப்பியிருக்கிறது. குறைவாக இருந்ததைக் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. என் உண்மையான வருத்தம் மேலும் ஒரு மாதம் அந்தப் பொய்த் தாளுக்குப் பின்னால் ஒளிந்து வளர்ந்திருக்கிறது. அலுப்பு, குளிர், குரல், வேனில் கண் மூடினது, சாக வேண்டும் என்ற எண்ணம் எல்லாவற்றுக்கும் அந்தத் தைரொயிட் குறைவே காரணமாக இருக்கலாம் என்றார்.

ஸ்டெல்லா எழுந்து வெளி வராந்தாவுக்குப் போனாள். பின்னால் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ரெண்டு மாசமா தெனமும் உங்களப் பொதைச்சுப் பொதைச்சு எடுத்துக்கிட்டு இருக்கேன். ஒரு முடிக்காகவா இதை மறைச்சீங்க?"

அவள் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிவந்தேன்.

"இது என்ர பொடியால மாறுறது இல்லை. ஆஸ்பத்திரி மருந்துதான் வேணும்" என்று பவானி மிஸ் கடிதம் எழுதித் தந்தார். கண்டியில் நிபுணர் பார்த்தார். பெயர் சொல்லிவிடுவார்கள் என்று எந்தப் பெயருக்கு ஓடி ஒளிந்தேனோ, அந்தப் பெயரைக் கேட்டபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை, உயிர் உள்ளவரை. சாப்பாட்டையும் நடையையும் தூக்கத்தையும் பவானி மிஸ் பார்த்துக்கொண்டார். இப்போது நான் வாயில் போடுவது எல்லாவற்றையும் ஸ்டெல்லா ஒரு தாளில் எழுதி வைக்கிறாள். இருமல் மிட்டாய்கூட அதில் இருக்கிறது.

அது தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். கோயிலுக்கு விளக்கேற்றும் இந்துப் பெண் பவானி மிஸ். அவரே சொன்னார்: "உங்கட சாம்பல் புதன் வந்திருக்காட்டி, ரெண்டாவது தாளும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும் அண்ணை. நானும் பிழையான பக்கம் போயிருப்பன்."

சுகம் மெதுவாகத்தான் வந்தது. உயிர்ப்பு ஞாயிறன்றும் நான் சுகமாக இருக்கவில்லை. எல்லாரும் அல்லேலூயா பாட, நான் தூணில் சாய்ந்து நின்றேன். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு பகலில் பிலோமினா அக்கா, "அந்த ஓமோன் சாமியார் எப்பிடி இருக்காரு?" என்று கேட்டார். நான் சிரித்தேன். ஸ்டெல்லா குசினியிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

நிபுணர் அனுமதி தந்தபிறகு வேனை எடுத்தேன். முதல் கிழமை முழுக்க ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்கு முன்பே, பிள்ளைகளை என்னை நம்பி அனுப்பியிருந்த தாய் தகப்பன்மாருக்கு, நடந்ததை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நானே சொன்னேன், முடிக்கதை உட்பட. சிலர் சிரித்தார்கள். இரண்டு வீட்டில் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்கள் நியாயம்.

இன்றும் சில காலைகளில் அந்த இருட்டு வந்து கட்டிலோரம் நிற்கும். பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது அதை ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடுகிறேன்.

இதை வாசிக்கும் அன்பானவர்களே, உங்களில் யாராவது கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால், வானம் மூடிக்கிடக்கும்போதும் செபத்தை விடாதீர்கள். நம்பிக்கை இல்லாமல் சொன்ன ஒரு வரியையும் அவர் தள்ளவில்லை, அதற்கு நான் சாட்சி. ஆஸ்பத்திரிக்கும் போங்கள். அங்கே கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆண்டவருக்கு நாம் சொல்லாமலே தெரியும். இரத்தம் பார்க்கிறவருக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.

அவருக்கே என் நன்றி. நாளைக்குக் காலை ஆறு மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் எனக்காக ரோட்டில் நிற்பார்கள்.