மூன்றாம் கம்பி

என் மனைவியை அடக்கம் செய்துவிட்டுச் சவக்காலையிலிருந்து வந்ததும், அவளுடைய கிற்றாரின் ஆறு கம்பிகளையும் தளர்த்தினேன். சாவு விழுந்த வீட்டில் வாத்தியம் வாய் திறக்கக் கூடாது. முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை கம்பிகள் தொய்ந்தே கிடக்க வேண்டும். போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பமான எங்கள் வீட்டின் வழக்கம் இது. அப்பா செய்தார், அவருடைய அப்பா செய்தார். நானும் யோசிக்காமல் செய்தேன்.

அவள் பறங்கியில்லை, களுதாவளைக்காரி. கலியாணமான நாளிலிருந்து எங்கள் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர, கிற்றாரைத் தொட்டதில்லை. ஐம்பது வயதுக்குப் பிறகுதான் ஆசை வந்தது. அதற்குள் மூட்டுவாதம் முந்திக்கொண்டு, இடது கை விரல்கள் மடங்க மறுத்தன. ஒருநாள் கைபேசியில் யாரோ ஒருவர் சில கம்பிகளைத் தளர்த்திவிட்டு, எதையும் அழுத்தாமல் வெறுமனே மீட்ட, ஆறும் ஒத்து ஒலிப்பதைப் பார்த்தாள்.

"இப்பிடியும் வாசிக்கலாமாம். விரல் மடக்கத் தேவையில்ல," என்றாள்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்றேன்.

"கோணல் கூடத்திலயும் ஆடலாம்தானே," என்று சிரித்தாள்.

முதலில் கைபேசியில் பார்த்தபடியே ஆறாவது, ஐந்தாவது, முதலாவது கம்பிகளைத் தளர்த்தினாள். அதோடு நிற்கவில்லை. பின்னேரங்களில் வாவிப் பக்கத்து ஜன்னலடியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருகி, மீட்டி, மறுபடி திருகுவாள். சில மாதங்களில் அவளுக்கென்று ஒரு சுருதி அமைந்துவிட்டது. நான் அறிந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. மூன்றாம் கம்பியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கொஞ்சம் தாழ்ந்து, எதனோடும் சேராமல் நின்றது. முப்பது வருஷம் கலியாண வீடுகளில் வாசித்தவன் நான். அந்தத் திமிர் சும்மா விடுமா? அவள் கிற்றாரை எடுக்கும்போதெல்லாம் குறை சொன்னேன்.

"அது அப்பிடித்தான் கிடக்கணும்," என்பாள். "நீங்க கொஞ்சம் பொறுத்துக் கேளுங்களன்."

நான் கேட்கவில்லை.

பூசை முடிந்த மறுநாள், கம்பிகளை அவளுடைய சுருதிக்கே திரும்ப ஏற்ற உட்கார்ந்தேன். அதையாவது இந்த வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. ஐந்து கம்பிகள் வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. சற்று ஏற்றினால் புத்தகத்துச் சுருதி வருகிறது, இறக்கினால் வெறும் பிழை. அவள் நிறுத்திய இடம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. பிசகு என்று நூறு தடவை சொன்ன எனக்கு, எவ்வளவு பிசகு என்று தெரியவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

செங்கலடியில் இருக்கும் மகளிடம் கேட்டேன். அம்மா வாசித்ததை ஒரேயொரு தடவை கைபேசியில் பதிந்ததாகச் சொல்லி, அடுத்த பஸ்ஸிலேயே வந்தாள். கைபேசியை மேசையில் வைத்து இருவரும் குனிந்து கேட்டோம். ஆறாவது கம்பி. ஐந்தாவது. நான்காவது. அவளுடைய பெருவிரல் நிதானமாக இறங்கி வருகிறது. அது மூன்றாவதைத் தொடுவதற்கு முன்பே என் குரல் கேட்கிறது:

"மூண்டாம் கம்பி பிசகு. முதல்ல அதச் சரியாக்கு."

"சரி," என்கிறாள். கிற்றாரைக் கீழே வைக்கும் சத்தத்தோடு அது முடிகிறது.