உசிலம்பட்டிக்குப் போகும் எடை அட்டை

அன்றைக்கு எடை மிஷினைச் சுற்றி நின்றவர்கள் இவர்கள். ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர். நர்ஸம்மா. என் வீட்டுக்காரர். உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, எனக்கு மதினி. நான். மிஷின் மேல் என் மகள், பதினொரு வயது. முள் பத்தொன்பதில் நின்றது.

மகளுக்குக் குடலில் புண். இரண்டு வருடமாக வயிற்றுப்போக்கு, ரத்தம். மதினிதான் பத்தியம் சொன்னார். "வயித்தக் காயப்போட்டா புண்ணு தானா ஆறும்" என்று கஞ்சித்தண்ணி மட்டும் கொடுக்கச் சொன்னார். வீட்டுக்காரருக்கு மூத்தவர், பேச்சைத் தட்ட முடியாது. ஊட்டியது என் கைதான். அதை நான் மறைக்கவில்லை. டாக்டர் மகளின் புஜத்தை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். "கெட்டுப்போன குடல வெட்டித்தான் ஆகணும். ஆனா இந்த உடம்புல கத்தி வச்சா தையல் ஒட்டாதும்மா. இருபத்திரண்டு கிலோ ஆக்கிக் கூட்டிட்டு வாங்க" என்றார். சோறு கூடாது. டின்னில் வரும் சத்துப் பவுடரைக் கரைத்து, மூக்கில் போட்ட குழாய் வழியாக ஊற்றவேண்டும். டம்ளருக்கு ஆறு கரண்டி. வாசலுக்கு வந்ததும் மதினி சிரித்தார். "பாத்தியா, நான் சொன்னதத்தான் அவரும் சொல்றாரு. சோறு வேணாமாம்."

ஆனையூரில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. நான் அப்பளக் கம்பெனிக்குப் போகவேண்டும். காலையும் ராத்திரியும் நான் ஊற்றினேன், பகலெல்லாம் மதினி. டின் உடைப்பதும் அவர்தான், நான் கணக்குப் பார்த்ததில்லை. இரண்டு வாரம் கழித்தும் அதே பத்தொன்பது. வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தேன். இரண்டு நாளில் தீரவேண்டியது, மூன்றாம் நாளும் பாதிக்குக் கிட்ட இருந்தது. மகளைக் கேட்டேன். "அத்தை ரெண்டு கரண்டிதாம்மா போடும். பசிக்குதுன்னா அதட்டும்." மதினி மழுப்பவில்லை. "அம்புட்டுக் கெட்டியா ஊத்துனா புண்ணு வயிறு தாங்குமாடி?" அவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். உசிலம்பட்டி பஸ்ஸில் வைத்தேன். ஏறும்போது சொன்னார்: "இவ தேற மாட்டா, பாத்துக்க."

வேலையை விட்டேன். ஒவ்வொரு கரண்டியையும் அந்தப் பேச்சின் மேல் மண் போடுவதாக நினைத்துத்தான் போட்டேன். பாசத்தில் மட்டும் செய்தேன் என்று சொன்னால் பொய். ஆறு வாரம் அப்படி ஊற்றினேன். இருபத்திரண்டு வந்தது. வெட்டினார்கள். தையல் ஒட்டியது.

பத்து வருடம் ஆகிறது. வருடா வருடம் தை மாதம் மகளை ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவேன். அங்கே காசு போட்டால் எடை அட்டை விழும் மிஷின் இருக்கிறது. அட்டையை உறைக்குள் போட்டு மதினிக்குத் தபாலில் அனுப்புவேன். கடுதாசி கிடையாது. "இன்னுமாம்மா? விடும்மா" என்பாள் மகள். "அக்கா கெட்ட எண்ணத்துல செய்யல" என்பார் வீட்டுக்காரர். இருக்கட்டும். என் பிள்ளை பசிக்குது என்று சொன்னாள், அவர் அதட்டினார்.

போன வாரம் மதினி ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்: "கண்ணு தெரியல. அட்டைய நிறுத்தச் சொல்லு."

நேற்று மகளை மிஷினில் ஏற்றினேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஆறு பேர் நின்றோம். நேற்று நாங்கள் இரண்டு பேர்தான். அட்டையோடு ஒரு முழுத் தாளும் வைத்தேன். மார்க்கர் பேனா வாங்கி, கண் மங்கியவருக்கும் தெரிகிற மாதிரி, தாள் நிறைய எழுதினேன்.

ஐம்பத்திரண்டு கிலோ.