விரல் கற்ற கூட்டல்

எழுபதுகளின் நடுவில், ஒரு ஐப்பசியில், எனக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போயிற்று. நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். இனியும் இருப்பேனா என்பதுதான் கேள்வி. "கணக்குப் போட முடியுதுன்னு காட்டுங்க, வகுப்பு தரேன். இல்லாட்டி வேற ஆள் கேட்டு எழுதணும்" என்றார் தலைமையாசிரியர். அவர்மேல் கோபம்கூட வரவில்லை. எதுவுமே வரவில்லை. சோறு வைத்தால் தின்றேன், எழுப்பினால் எழுந்தேன். வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும் யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பார்வையில்லாதவர்களுக்குச் செங்கல்பட்டில் ஒரு வகுப்பு நடந்தது. மனைவி பஸ்ஸில் கூட்டிப்போய் உள்ளே உட்காரவைத்துவிட்டு வெளியே காத்திருப்பாள். டீச்சர் கருங்குழிக்காரி, என்னைவிடச் சின்னவள், பிறவியிலேயே பார்வை இல்லாதவள். என் கையில் ஒரு சின்ன மணிச்சட்டத்தை வைத்தாள். ஒவ்வொரு கம்பியிலும் கீழே நாலு மணி, மேலே ஒரு மணி. மேலே இருப்பது ஐந்துக்குச் சமம்.

ஏழோடு எட்டைக் கூட்டச் சொன்னாள். வாத்தியாரைக் கேட்கிற கேள்வியா இது? ஏழை வைத்தேன். பிறகு எல்லா மணியையும் ஒதுக்கிவிட்டுப் பதினைந்தை வைத்தேன். அவள் சட்டத்தைத் தொடவேயில்லை, சத்தத்தை மட்டும் கேட்டாள்.

"இன்னா சார், மனசுலயே கூட்டிட்டு விடைய மட்டும் வச்சிகினு கீறீங்க?"

"விடை சரிதானே?"

"சரிதான். வரிசையா இருவது நம்பர் சொன்னா மண்டையில நிக்குமா? பத்த ஏத்திட்டு ரெண்ட எறக்குங்க. வெரலு பண்ணட்டும். நீங்க சும்மா குந்துங்க."

எட்டைக் கூட்ட இந்தக் கம்பியில் மணி போதாது. அதனால் பக்கத்துக் கம்பியில் பத்தை ஏற்றி, இங்கே இரண்டை இறக்க வேண்டும். ஒன்பது என்றால் ஒன்றை இறக்கவேண்டும். சும்மா குந்துவது எனக்குச் சிரமமாக இல்லை. அந்த மாதங்களில் நான் செய்ததெல்லாம் அதுதான். பங்குனிக்குள் அவள் சொல்லச் சொல்ல விரல்கள் பாட்டுக்கு மேலும் கீழும் போய்வந்தன.

தலைமையாசிரியர் நீளமாக எண்களை வாசித்தார். கூட்டிக் காட்டினேன். "ஜூன்ல வந்துடுங்க" என்றார். திரும்பி வருகையில் பஸ்ஸில் மனைவி விசும்பினாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? அதான் வேலை கெடச்சிடுச்சே" என்றேன்.

ஜூனில் இரண்டாம் வகுப்புக்குப் போனேன். பழைய குரலிலேயே ஒரு கூட்டல் கணக்குச் சொன்னேன். பலப்பங்கள் கிறீச்சிட்டன. ஒரு சிறுமி ஓடிவந்து, "போட்டுட்டேன் சார், பாருங்க" என்று சிலேட்டை என் கையில் திணித்தாள். நான் யோசிக்கவில்லை. இத்தனை மாதப் பழக்கத்தில் என் விரல்கள் விடையைத் தேடிச் சிலேட்டின்மேல் இடமிருந்து வலமாகப் போயின. மாவு மாதிரித் தூசிதான் ஒட்டியது.

"ஐயோ, தொடச்சிட்டீங்களே சார்! கரெக்டா போட்டுகினு வந்தேன்" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

விடையை வாயால் சொல்லச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. சிலேட்டைப் பிடித்தபடியே நின்றேன். இனி ஒரு பிள்ளையின் கையெழுத்தையும் நான் பார்க்கப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நானும் அழுதேன்.