ரோஜாக் கொப்பியில் ஒட்டிய பக்கம்

ரோஜாவைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். இதுதான் சட்டம். கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் நானே எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ வீட்டுக்குள் வந்து பார்த்துவிடப் போகிறார்கள் என்பது போல மூடி வைத்துவிடுகிறேன்.

அப்போது நான் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கரின் மனைவி. ஃபெக்டரிக்குள் கொழுந்து வந்து இறங்கியது முதல் தேயிலையாகிப் பெட்டியில் ஏறுகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. எங்களுக்கு மூன்று அறை வீடு, ஒரு குசினி, வாசலில் கொஞ்சம் மண். கீழே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த பெண்களோடு உட்கார்ந்து பேசினால் எங்கள் மரியாதை போய்விடும் என்றார்கள். மேலே துரை பங்களாவுக்கு எங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை. நடுவில் நானும் என் ரோஜாச் செடிகளும்தான். பேச ஆளில்லாமல் செடியோடு பேசினேன் என்றால் சிரிப்பீர்கள். பேசினேன், பூக்காவிட்டால் திட்டவும் செய்தேன்.

எங்கள் தோட்டத்து லொறி வாரம் ஒரு முறை சாமான் எடுக்கப் பதுளைக்குப் போகும். மற்றத் தோட்டத்து லொறிகளும் அங்கே வந்து நிற்கும். எங்கள் டிரைவர்தான் ஒரு நாள் சொன்னார், பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கரின் மனைவியும் என்னைப் போலவே மீன் கழுவின தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றிக்கொண்டு திரிகிறாராம். அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது. கூடவே ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு குச்சியும் வந்தது. அப்படி ஆரம்பித்தது, ஒரு வருஷத்தில் ஏழு தோட்டம், ஏழு வீடு, ஒரு கொப்பி என்று ஆனது. ஆளுக்கு ஒரு வாரம் வைத்திருந்து எழுதிவிட்டு, பழைய பேப்பரில் சுற்றி அடுத்த வீட்டுக்கு லொறியில் அனுப்ப வேண்டும். பெயர் எழுதுவதில்லை, வீட்டு நம்பர்தான். நான் முதலாம் வீடு. லுணுகலையில் ஒரு கணக்கப்பிள்ளையின் இளம் மனைவி ஏழாம் வீடு. அவள் எழுதி முடித்தால் கொப்பி திரும்ப என்னிடம் வரும். ஒருவரை ஒருவர் நாங்கள் பார்த்ததே இல்லை.

சட்டம் முதலிலேயே இருக்கவில்லை. முதல் சுற்றுகளில் எல்லாம் எழுதினோம். புருஷன்மார் குடிப்பது, மாமியார் படுத்துவது, பிள்ளைகள் படிக்காதது எல்லாம் வந்தது. மூன்றாம் வீட்டம்மா தன் வீட்டுக்காரர் கைநீட்டுகிறார் என்று எழுதியது, ஐந்தாம் வீட்டுக்காரர் கண்ணில் பட்டு, அவர் அதைக் கிளப்பில் சொல்லிச் சிரித்து, ஒரே களேபரம். இரண்டு வீட்டில் கொப்பியையே அடுப்பில் போடுவேன் என்று ஆண்கள் குதித்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் சிவப்பு மையை எடுத்தேன். ரோஜா மட்டும் என்றால் எந்தப் புருஷனும் வாயைத் திறக்க முடியாது அல்லவா? அது வரைக்கும் நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் சட்டம் போட்டவளுக்கு அது ருசித்துவிட்டது. கொப்பி என்னிடம் திரும்பியதும் நீலப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருவேன். பலாக்கொட்டைக் கறி வைக்கிற விதம் என்று இரண்டாம் வீட்டம்மா எழுதியிருந்தால் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் ‘ரோஜா?’ என்று ஒரு கேள்வி. தங்கைக்கு மாப்பிள்ளை தேடுகிறேன் என்று நாலாம் வீட்டம்மா எழுதினால் அதற்கும் ‘ரோஜா?’. ஒரு முறை ஆறாம் வீட்டம்மா, கடல் தாண்டி மதுரைப் பக்கத்தில் இருந்த தன் அம்மா செத்துப்போய் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை என்று மூன்று வரி எழுதியிருந்தார். அதற்கும் ஓரத்தில் ‘ரோஜா?’ என்று போட்டிருக்கிறேன். சீ, நான் என்ன பெண்பிள்ளை! அடுத்த சுற்றில் அந்த அம்மா கருப்புப் புள்ளி நோய்க்குச் சாம்பல் தூவுவது பற்றி மட்டும் எழுதியிருந்தார். பார்த்தாயா, வழிக்கு வந்துவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கொப்பி அழகாக ஆனது. பதியம் போடுவது, கவாத்து வெட்டுவது, ஒட்டுக் கட்டுவது, முட்டைக் கோது, பழைய தேயிலைத் தூள் என்று பக்கத்துக்குப் பக்கம் ரோஜாதான். என் வீட்டுக்காரர் அதை ஃபெக்டரியில் பெருமையாகச் சொல்ல, அது துரை காதுக்குப் போய், துரைசாணி அந்தக் கொப்பியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழாம் வீட்டிலிருந்து கொப்பி எப்போது வரும் என்று லொறிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அது எழுபதுகளின் முன்பாதி. பாண் ரொட்டிக்கு வரிசை நின்ற காலம் என்றால் வயதானவர்களுக்குத் தெரியும். அரிசி குறைந்தது, கோதுமை மா குறைந்தது, தோட்டங்களில் வேலை நாளையும் குறைத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிது. எங்கள் வீட்டில் மூன்று வேளை இருந்தது இரண்டரை வேளையாக ஆனது, அவ்வளவுதான். கீழே லயத்தில் என்ன ஆனது என்று நான் போய்ப் பார்க்கவில்லை. குசினி ஜன்னலிலிருந்து பார்த்தால் லயத்துக் கூரை தெரியும். அடுப்புப் புகை குறைந்திருந்தது எனக்குத் தெரியும்.

கொப்பி வந்தது. ஏழாம் வீட்டம்மாவின் பக்கத்தைத் திறந்தேன். இப்படி இருந்தது:

“அக்காமாருக்கு. இந்த முறை ரோஜா பற்றி எழுதவில்லை, மன்னிக்கவும். எங்கள் லயத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை. காலையில் பதினொரு பிள்ளைகள் என் குசினி வாசலில் வந்து உட்காருகிறார்கள். கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது இன்னும் மூன்று வாரத்துக்குத்தான் காணும். ஆறு வீட்டு அக்காமாரும் ஆளுக்குக் கொஞ்சம், எதுவானாலும், லொறியில் அனுப்பினால் சமாளித்துவிடுவேன். மரவள்ளிக் குச்சியும் அனுப்புங்கள், நட்டுவைக்கிறேன். ஒரு பெண்பிள்ளைக்குக் கால் வீங்கிவிட்டது. இதை எல்லா அக்காமாரும் பார்க்க வேண்டும்.”

முதலில் வந்தது என்ன தெரியுமா? கோபம். எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வருமே. இத்தனை காலம் பிடித்துக் கட்டிக் காத்த கொப்பி, அதுவும் இந்த வாரம் பார்த்தா இவள் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். பிறகு எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். இது துரை கண்ணில் பட்டால், தோட்டத்தைப் பற்றி வெளியே கதை பரப்புகிறாள் என்று அவள் புருஷனின் வேலைக்கே உலை வைப்பார்கள், நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை அதுவல்ல. துரைசாணிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, நான்தான் வாசித்துச் சொல்லப் போகிறேன். அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கலாம். கொப்பியில் அது இருக்கவே கூடாது என்று நினைத்தேன். ரோஜாக் கொப்பி ரோஜாக் கொப்பியாக இருக்க வேண்டும், அதுதான்.

நீலப் பென்சில் போதாது என்று தோன்றியது. பழைய விதைக் கடைப் புத்தகம் ஒன்றில் முழுப் பக்கத்துக்கு மஞ்சள் ரோஜாப் படம் இருந்தது. அதை வெட்டினேன். வீட்டில் கோந்து இல்லை. இரண்டு கரண்டி கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, பசை காய்ச்சினேன். பட்டப்பகலில், என் குசினியில், பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு காய்ச்சினேன். படத்தை அவள் எழுத்தின் மேலே ஒட்டி, அம்மிக் குழவியை மேலே வைத்தேன். சுருக்கமே இல்லாமல் ஒட்டிக்கொண்டது.

துரைசாணி ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிகிற நேரத்தில் கொப்பி முழுவதையும் புரட்டிவிட்டார். சுத்தமாக இருக்கிறது என்றார். அந்த மஞ்சள் ரோஜாப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, இந்த நிறம் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டார். லுணுகலையில் என்று சொல்லிவைத்தேன்.

பிறகு கொப்பியை இரண்டாம் வீட்டுக்கு அனுப்பினேன். அவளுக்குத் தனியாக ஏதாவது அனுப்புவோம் என்று நினைக்காமல் இல்லை. பருப்பு ஒரு பொட்டலம் கட்டினேன். மரவள்ளிக் குச்சி பத்து வெட்டி, கயிற்றால் கட்டி, பின்கதவோரம் சாத்தி வைத்தேன். அந்த வார லொறிக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். அடுத்த வாரம் மழை, மண் சரிந்து லொறி போகவில்லை. அதற்கடுத்த வாரம் வீட்டுக்கு ஆட்கள் வந்ததில் பருப்பைச் சமைத்துவிட்டேன். குச்சிகள் கதவோரத்திலேயே நின்று துளிர்விட்டன.

மற்ற ஐந்து வீட்டம்மாக்களும் மஞ்சள் ரோஜா அழகு என்று எழுதி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதையெல்லாம் சுமந்துகொண்டு கொப்பி ஏழாம் வீட்டுக்குப் போய், அங்கிருந்து என்னிடம் திரும்பியபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் படத்தைப் பிய்க்கவில்லை. அடுத்த பக்கத்தில் நாலே வரி எழுதியிருந்தாள்.

“ஏழாம் வீடு. வாசலில் இருந்த ரோஜாச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருக்கிறோம். இனி எங்கள் வீட்டில் ரோஜா இல்லை. ஆகவே இந்தக் கொப்பியில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்த முறை முதல் எனக்கு அனுப்ப வேண்டாம்.”

என் சட்டத்தில் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பென்சிலை எடுத்தேன், எங்கே கோடு போடுவது?

ஆறு வீட்டோடு கொப்பி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது. ஒவ்வொருவரும் இரண்டு வரி, மூன்று வரி எழுதினார்கள். எல்லாம் ரோஜாதான், ஒன்றுகூட விலகவில்லை. மூன்றாவது சுற்றில் நாலாம் வீட்டிலிருந்து கொப்பி வெள்ளைப் பக்கத்தோடு நேராக என்னிடமே திரும்பி வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அதற்குமேல் அனுப்பவும் இல்லை. வீட்டுக்காரர் கேட்டபோது எல்லாருக்கும் வேலை கூடிவிட்டது என்றேன்.

அடுத்த வருஷம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டைத் துணி எடுக்கப் பதுளைக்குப் போயிருந்தேன். நாங்கள் வழக்கமாக எடுக்கிற முஸ்லிம் கடை. துணி கட்டி வாங்கி வெளியே வந்தபோது எங்கள் லொறி டிரைவர் அந்தப் பக்கம் கை காட்டி, அந்தா நிற்கிறாரே, அவர்தான் லுணுகலைக் கணக்கப்பிள்ளையம்மா என்றார். நான் தடுப்பதற்குள் அவளிடம் போய் என்னையும் சொல்லிவிட்டார். ஓடி லொறியில் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். கையில் ஒரு தகரப் பால் பேணி. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன பேசுவது? வாயில் வந்ததைக் கேட்டேன், அந்தக் கால் வீங்கின பிள்ளை எப்படி என்று. கேட்ட பிறகுதான் உறைத்தது: அந்தப் பக்கத்தை நான் வாசித்தேன், வாசித்துவிட்டுத்தான் ஒட்டினேன் என்று நானே சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“அது தங்கலைங்கக்கா. மத்த புள்ளைக தேறிருச்சுக. வீட்ல எல்லாம் முடிஞ்சு, கடைசி ஒரு வாரம் ரெண்டு கரண்டி மாவத் தண்ணியில கரைச்சுத்தான் காய்ச்சிக் குடுத்தேன். கட்டி தட்டாமக் கிண்டணும், இல்லாட்டி அதுக்குத் தொண்டையில எறங்காது.”

சொல்லிவிட்டு அவள் பேணியைக் கை மாற்றினாள். லுணுகலை லொறி ஹோர்ன் அடித்தது. என் கைக்குள் இருந்த துணிப் பொட்டலத்தை நான் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், யாரோ பிடுங்கிப் போக வந்தது போல. மன்னிச்சுக்கம்மா என்று ஒரு வார்த்தை. அதுதான் வர வேண்டியது. வாய்வரைக்கும் வந்தது.

நான் திணறுவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் கேட்டாள், குத்திக்காட்டக் கேட்கவில்லை. குத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

“ஒங்க ரோஜாவெல்லாம் எப்படிங்கக்கா இருக்கு?”

என்னிடம் அதைப் பற்றி மட்டும்தான் பேசலாம் என்பதை அவள் மறக்கவில்லை.

நன்றாகப் பூக்கிறது என்று சொன்னேன்.