அம்பு வந்துவிட்டது, தண்ணீர் எங்கே?

பதினைந்து நாள் இருக்கும். ஒரத்தநாடு பக்கம் என் சித்தப்பா மகள் கலைச்செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கைக்கு வந்த நேரம், டிவியில் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள்.

நிஜ அணை திறந்து நாளாகிவிட்டது. இது கிராஃபிக்ஸ் அணை. மேட்டூரில் புறப்பட்ட நீல அம்பு திருச்சியைத் தாண்டி, கல்லணையில் கிளை கிளையாகப் பிரிந்து, கலைச்செல்வி ஊரையும் நனைத்துவிட்டுக் கடலில் போய் விழுந்தது. எல்லாம் அடுத்த விளம்பர இடைவேளைக்குள்! ‘கடைமடை வரை காவிரி’ என்று எழுத்து வேறு துள்ளிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் பின்னால்தான் வாய்க்கால். எட்டிப் பார்த்தேன். நாலு ஆடு, காய்ந்த கோரை, கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அம்பு எந்தப் பக்கமாகப் போயிருக்கும்?

சிரித்துவிட்டு வந்திருப்பேன்... போன் வந்துவிட்டது. கத்தாரில் இருக்கும் அவள் தம்பி செந்தில். நிலம் அவன் பெயரில், பாடுபடுவது இவள். அந்த விளைச்சலில்தான் இவள் குடும்பம் ஓடுகிறது.

“தண்ணி வந்து எத்தனை நாளாச்சு? ஏங்க்கா இன்னும் நடல?”

“வாய்க்கால்ல வரலடா. நாத்து முத்திக்கிட்டு நிக்குது. நடாம இருக்க எனக்கு மட்டும் ஆசையா?”

“நானே பார்த்தேன்க்கா. டிவி மேப்ல நம்ம ஊர் நீலமா இருக்கு.”

வீடியோ காலில் வாய்க்காலைக் காட்டினாள். ஆடுகளையும் காட்டினாள். “இது எந்த வாய்க்கால்?” என்கிறான் உடன்பிறந்தவன்! நான் போனை வாங்கி எடுத்துச் சொன்னேன். “அண்ணே, நீங்க எப்பவும் அக்கா கட்சி” என்றான். கொஞ்ச நாள் பார்ப்பானாம். நடவில்லை என்றால், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்கிறாராம் — குத்தகைக்கு விட்டுவிடுவானாம்.

எனக்கு வந்ததே கோபம்! அக்கா சொன்னால் நம்பாதவன், கலர் அடித்துக் காட்டினால் நம்புகிறான். அவன் மட்டுமா? தேர்தல் நேரத்தில் பாருங்கள். துளி வித்தியாசத்துக்கு ஒரு கட்சியைத் தென்னை மரமாகவும் இன்னொன்றைக் கத்தரிச் செடியாகவும் பார் சார்ட்டில் நிறுத்துவார்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் அடிப்பகுதியை எங்கே வெட்டினீர்கள் என்று யாராவது கேட்கிறோமா? மழை வந்தால் மேப்பில் மாவட்டம் முழுக்கச் சிவப்பு. ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர், அடுத்த தெருவில் வடகம் காயும். சென்னையிலிருந்து மட்டும், “உயிரோட இருக்கீங்களா?” என்று போன் வரும்.

மேப் போடுவது தப்பில்லை. ஒழுங்காகப் போட்டால் பத்துப் பக்கச் செய்தியை ஒரே பார்வையில் புரியவைக்கும். ஆனால் ஆற்றில் திறந்துவிட்டதற்கும் வயலில் பாய்ந்ததற்கும் வேறு வேறு நிறம் வேண்டாமா சாமி?

முந்தாநாள் மறுபடி போனேன். அதே சேனல். இப்போது ‘நடவு முடிந்த பகுதிகள்’. கலைச்செல்வி ஊர் பச்சைப் பசேல்! மேப் மறைவதற்குள் போன்.

“சூப்பர்க்கா! நட்டுட்டே, சொல்லவே இல்ல. குத்தகைப் பேச்சை விடு.”

‘ஆமான்னு சொல்லிடு’ என்று நான் சைகை காட்டினேன். அப்படிச் சொன்னால் நிலம் கையைவிட்டுப் போகாதே! அவள் என்னை முறைத்தாள்.

“நடவு டிவியிலதான்டா நடந்திருக்கு. அறுப்பையும் அங்கயே முடிச்சுக்கச் சொல்லு. நம்ம வயல் வெடிச்சுக் கிடக்கு. தண்ணி வந்தாத்தான் நடுவேன். நம்பிக்கை இல்லேன்னா யாருக்கு வேணா விட்டுக்க.”



“அப்ப அந்தப் பச்சை என்னக்கா?”

“பெயின்ட்டுடா தம்பி.”

நேற்று செந்திலே எனக்குப் போன் செய்தான். குத்தகை கேட்டவர் பின்வாங்கிவிட்டாராம். இருக்கிற வயலுக்கே சொட்டுத் தண்ணீர் இல்லை, இன்னொன்று எதற்கு என்கிறாராம்.

அவர் ஊர், மேப்பில் இன்னும் நல்ல அடர் பச்சை!