டிக்கெட் அக்காவின் கும்பிடு

தில்லை நகரில் ஒரு மாடி ஹாலில் நாங்கள் சில பெண்கள் தினமும் காலையில் சேர்ந்து பரதநாட்டிய அடவுகள் பழகுகிறோம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார் ஒருவர். ரயில்வே கவுண்ட்டரில் வேலை என்பதால் எங்களுக்கு அவர் டிக்கெட் அக்கா. பெயர் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை, இறுக்கிக் கட்டிய பருத்திப் புடவை.

முழங்கால் தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் முடியும்வரை ஆடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் அக்கா வந்துகொண்டுதான் இருந்தார். முன்வரிசையில் தன் இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லுக்கட்டு சொன்னார். "தெய்யா தெய்" என்று அவர் குரல் எழும்பினால் எங்கள் கால்கள் தானாக ஒன்றுசேரும்.

உன்னை மிதிக்கப்போகிறோம், பொறுத்துக்கொள் என்று பூமியைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஆடத் தொடங்குவோம். அக்காவும் நாற்காலியைப் பிடித்தபடி சிரமப்பட்டுக் குனிந்து தொடுவார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்கதான் மிதிக்கறதே இல்லையேக்கா, உங்களுக்கு எதுக்கு மன்னிப்பு?"

"அட்வான்ஸ் புக்கிங்டி. திரும்பி வந்து மிதிப்பேன்ல? அதுக்கு இப்பவே கேட்டு வச்சுக்கறேன்."

எல்லோரும் சிரித்தோம். அக்கா தரையில் வைத்த விரல்களை வெகுநேரம் எடுக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடக்கலாம், ஆட்டம் மட்டும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அக்கா அப்புறம் வரவே இல்லை. முன்வரிசையில் அவர் இடத்தைக் காலியாக விட்டுத்தான் இன்றும் நிற்கிறோம். கும்பிடக் குனியும்போதெல்லாம் என் கண் அங்கே போகிறது. அந்தத் தரையிடம் மன்னிப்பு கேட்டாயிற்று. மிதிக்கத்தான் யாரும் வரவில்லை.