வக்கீல் கல்லுக்கு ஒரு வாய்தா

டல்லாஸுக்கு வடக்கே, மகன் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பதினாறு பெஞ்சுகள். அதில் நாலு, உட்கார்ந்தால் ஆடும். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு நினைவுக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதர் ஒருவரின் பெயர், வக்கீல், சட்டசபை உறுப்பினர், பிறந்ததும் இறந்ததும். மொத்தம் நாலே வரி.

மீதியை நூலகத்தில் தேடிப் படித்தேன். அவர் சட்டக் கல்லூரி பார்த்தவரல்ல. இன்னொரு வக்கீலின் அலுவலகத்தில் எடுபிடியாக இருந்து சட்டம் படித்து, குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்காடியிருக்கிறார். சட்டசபைக்குப் போனதும் இலவசப் பள்ளிக்கூடங்களுக்கு மசோதா கொண்டுவந்தார். தோற்றது. மறுபடி கொண்டுவந்தார். மறுபடியும் தோற்றது. மூன்றாம் முறையும் கொண்டுவந்தபோது, வரி ஏறும் என்று பயந்த ஊர்க்காரர்கள் தேர்தலில் அவரையே தோற்கடித்தார்கள். பிறகு வேறொருவர் பெயரில் அது நிறைவேறியது. கோயம்புத்தூர் கோர்ட்டில் முப்பத்தாறு வருஷம் பெரும்பாலும் தோற்கிற பக்கமே நின்றவன் நான். அவரைப் பிடித்துப்போயிற்று.

கார் நிறுத்த இடம் போதாதென்று, கல்லைப் பெயர்த்துக் கிடங்கில் போட நகரசபை யோசிப்பதாகப் பூங்காவில் அறிவிப்பு ஒட்டினார்கள். பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிஷம். நான் பேசப் போகிறேன் என்றேன்.

"உங்க கிரீன் கார்டே இன்னும் வரலப்பா. யாரோ ஒருத்தர் கல்லுக்கு நீங்க எதுக்கு ஃபைட் பண்றீங்க?" என்றான் மகன்.

"அவருக்கு வேற வக்கீல் யாரும் வரலையேடா."

முணுமுணுத்துக்கொண்டே கூட்டிப்போனான். மைக் கிடைத்ததும் நம் ஊர் மேடை வழக்கப்படி தொடங்கினேன். மேயருக்கு வணக்கம், உறுப்பினர்கள் ஆறு பேருக்கும் தனித்தனியே, செயலாளருக்கு, வாசலில் நின்ற காவலருக்கு, முன்வரிசைப் பெரியோருக்கு, பின்வரிசைத் தாய்மார்களுக்கு. எல்லாம் ஆங்கிலத்தில்தான். இன்று நான் பேச வந்தது என்று ஆரம்பித்தபோது மணி அடித்து மைக்கை அணைத்துவிட்டார்கள். நல்லவேளை, வாக்கெடுப்பு அடுத்த மாதம்தான்.

"விடுங்கப்பா. சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு" என்றான் மகன் காரில்.

"எங்கடா சொன்னேன்? வணக்கம்தான் சொன்னேன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இரண்டு முறை தோற்ற மசோதாவை மூன்றாம் முறை தூக்கிக்கொண்டு போனவருக்காக நான் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வதா?

அடுத்த மாதம் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. உடம்பு கூசியது. கல்லை எடுக்காதீர்கள் என்பதே முதல் வாக்கியம். இந்த ஊர்ப் பிள்ளைகள் காசு கட்டாமல் பள்ளிக்கூடம் போகிறார்கள், என் பேத்தியும் போகிறாள். அதற்காகத் தோற்றவரை இன்னொரு முறை தோற்கடிக்காதீர்கள் என்றேன். பன்னிரண்டு விநாடி மிச்சமிருந்தது. அதில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கமாக வைத்தேன்.

உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வரைபடத்தை மறுபடி பார்க்க வேண்டும், முடிவு அடுத்த கூட்டத்தில் என்றார் மேயர்.

ஆபீஸ் கால் என்று காரிலேயே இருந்துவிட்ட மகன், "என்னாச்சுப்பா?" என்றான்.

"வாய்தா."

"அப்ப இன்னொரு வாட்டி வரணுமா?"

"நீ டிரைவ் பண்ணலைன்னா நடந்து வர்றேன்" என்றேன். அந்தச் சாலையில் நடைபாதையே கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.